மண் எங்க, மிஸ்?

நூல் நூற்கிறவர்களுக்குப் பஞ்சும் கையும் இருந்தால் போதும். மின்சாரத்தால் நூல் நூற்கிற எங்களுக்கு நல்ல வானிலையும், கோபப்படாத சக ஊழியரும், செய்ததையே மறுபடி செய்யக் கூச்சப்படாத மனமும் வேண்டும். நான் இந்தத் தொழிலில் இறங்கியபோது என்னிடம் இருந்தது குறிப்பெழுத ஒரு புதுக் கொப்பி மட்டும். காலையிலிருந்து மாலை வரை ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்து, அது வராமல், வீட்டுக்குப் போய் "இண்டைக்கு எப்படி?" என்ற கேள்விக்குப் "பரவாயில்ல" என்று பதில் சொன்னவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இவற்றை வெளியே சொல்கிறேன்.

வேலை இதுதான். தண்ணீரில் கரையும் ஒரு பல்பகுதியத்தை (பொலிமர்) சூடாக்கிக் கரைத்தால் சவ்வரிசிக் கஞ்சி போல ஒரு பசை வரும். பொலிவைனைல் அல்ககோல் என்று அதற்குப் பெயர். பயப்பட வேண்டாம், குடிக்கிற சாமான் அல்ல. அந்தப் பசையை ஊசியில் நிரப்பி, ஊசி முனைக்குப் பதினைந்தாயிரம் வோல்ற்று கொடுத்து, ஒரு சாண் தள்ளி அலுமினியத் தாள் சுற்றிய தகடு ஒன்றை வைக்க வேண்டும். முனையில் தொங்கும் துளி பொறுக்க முடியாமல் ஒரு நூலாகப் பாயும். பாய்கிற வழியிலேயே தண்ணீர் உலர்ந்துவிடும். தலைமுடி ஒன்றை நீளவாக்கில் இருநூறாகப் பிளந்தால் என்ன தடிப்பு வருமோ அந்தத் தடிப்பில் நூல் தகட்டில் படியும். சில மணி நேரம் படிந்தால் வெள்ளைக் கடதாசி போல ஒரு விரிப்பை உரித்தெடுக்கலாம். பசைக்குள் களிமண்ணைக் கலந்தால் அந்த விரிப்பு இன்னும் பலமாக இருக்குமா என்பதுதான் என்னுடைய கேள்வி.

நான் இருபது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். நாற்பத்தாறாவது வயதில், இந்தக் கேள்விக்குப் பதில் கண்டு ஒரு முதுமாணிப் பட்டம் எடுக்கலாம் என்று இரண்டு வருடக் கற்கை விடுமுறை கேட்டேன். கிடைத்தது. பிள்ளைகள் மாலை போட்டு, பாட்டுப் பாடி, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். பாடசாலை அதிபர் மட்டும் வாசலில் என்னை நிறுத்தி மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், ரெண்டு வருசத்துக்கு மேல ஒரு நாளும் நீட்ட ஏலா. பட்டம் இல்லாம வந்தா, மாலை போட்ட பிள்ளையளுக்கு நீங்கதான் பதில் சொல்லோணும்."

இருபது ஊசி

முதல் வேலை ஊசி வாங்குவது. மட்டக்களப்புப் புளியந்தீவில் ஒரு பாமசிக்குப் போய், இருபது ஊசியும் இருக்கிறதிலேயே பெரிய துளையுள்ள முனைகளும் வேண்டும் என்றேன். கவுண்டரில் நின்ற பெண் யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். வைத்தியருடைய மருந்துத் துண்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இருபதும் எத்தனை நாளைக்கு என்று கேட்டார். ஒரு கிழமைக்குக் காணும், அடுத்த கிழமை திரும்பவும் வருவேன் என்றேன். கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்வது எனக்கு இருபது வருடப் பழக்கம்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கையின் உட்பக்கத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நிலைமையைச் சரிசெய்வதற்காக, "குத்துறதுக்கு இல்லை, முனையை அராவி மொட்டையாக்கித்தான் பாவிப்பேன்" என்று விளக்கினேன். நிலைமை இன்னும் மோசமானது. எனக்குப் பின்னால் நின்றவர் என்னிடம் படித்த பிள்ளை ஒன்றின் தகப்பன். அந்தப் பெண் கவுண்டருக்கு மேலால் குனிந்து, என் கையைத் தொட்டு, மிகவும் அன்பாகச் சொன்னார்: "மிஸ், இதை விடுறதுக்கு இப்ப நல்ல சிகிச்சை இருக்கு. ஒருத்தருக்கும் தெரியாமப் போய் வரலாம்."

மீன் இல்லாத தொட்டி

ஊசியையும் தகட்டையும் திறந்த வெளியில் வைக்க முடியாது. காற்று நூலைக் கலைக்கும். கை பட்டால் மின்சாரம் எங்களைக் கலைக்கும். இதற்கென்றே வெளிநாட்டில் செய்து விற்கிற பெட்டி எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் றிஸ்வான் காத்தான்குடிக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எந்த இயந்திரமும் அவர் பக்கத்தில் நின்றால் ஓடும், விலகினால் நிற்கும். "மீன் தொட்டி செய்யிற ஆள் ஒருத்தர் இரிக்கிறார், வாங்க டீச்சர்" என்று அவர்தான் கூட்டிக்கொண்டு போனார்.

தொட்டிக்காரர் அளவெடுத்துக்கொண்டே என்ன மீன் வளர்க்கப் போகிறேன் என்று கேட்டார். மீன் இல்லை என்றேன். தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்று கேட்டார். ஒரு துளி ஈரமும் உள்ளே போகக் கூடாது என்றேன். மேலே மூடி, முன்னால் கதவு, பக்கத்தில் வயர் போக இரண்டு துளை என்று நான் கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு, கடைசியில் பொறுக்க முடியாமல், உள்ளுக்கு என்னதான் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பதினைந்தாயிரம் வோல்ற்று என்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ், நல்ல காலம் மீன் போடல்ல."

ஒரே நாளில் நரை

தொட்டி வந்தது; முதல் முறை மின்சாரம் கொடுத்தோம். துளி நீண்டது, கூராகியது, பாய்ந்தது. ஆனால் தகட்டில் ஒன்றையும் காணவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். இப்படிச் செய்யக் கூடாது என்று அந்தக் கதவில் அறிவித்தல் எழுதி ஒட்டியவளே நான்தான். அப்போதும் தகட்டில் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம் அப்படியே நின்று பொறுமையாக அவதானித்தேன்.

தகட்டிலிருந்து நிலத்துக்குப் போக வேண்டிய வயர் கழன்று கிடந்தது. தகட்டை நாட முடியாத நூல், நிலத்தில் காலூன்றி நின்ற வேறொன்றை நாடியது. அது நான். என் முன்தலைமுடி, புருவம், மூக்குக்கண்ணாடி, இரண்டு வளையல், எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிட்டது. உள்ளே வந்த றிஸ்வான் முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். பிறகுதான் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கொப்பியை எடுத்துத் தந்து சொன்னார்: "எழுதுங்க டீச்சர், முதல் மாதிரி நல்லா வந்திரிக்கி. உங்கள உரிச்செடுக்கிறதுதான் கஷ்டம்."

மாரி

நான் விடுமுறை எடுத்தது ஆவணியில். பெட்டி சரிவந்தபோது ஐப்பசி. மட்டக்களப்பில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எப்படி என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நூல் பாய்கிற வழியில் தண்ணீர் உலர வேண்டும் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியவளும் நான்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தவறிவிட்டேன். காற்றிலேயே தண்ணீர் நிறைந்திருக்கும்போது நூல் எங்கே உலர்வது? ஈரமாக வந்து தகட்டில் விழுந்து, பக்கத்து நூலோடு ஒட்டி, கோந்து தடவியது போலக் கிடந்தது.

மழை விட்ட ஒரு நாள் அதிசயமாக ஒரு விரிப்பு நன்றாக வந்தது. உரித்தெடுத்து, யன்னலோரத்து மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தூவானம் அடித்திருந்தது. உள்ளங்கையளவு விரிப்பு நகத்தளவு பிசினாகச் சுருண்டு கிடந்தது. தண்ணீரில் கரையும் என்பதற்காகத்தானே அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தேன், அதுவும் சொன்னபடி கரைந்திருக்கிறது. றிஸ்வான் அதை இடுக்கியால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், நாம ஆராய்ச்சி செய்யல்ல. மழைக்கு இனிப்புச் செஞ்சு குடுக்கிறம்."

வேலிக்குப் பின்னால்

மாரி முடிந்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளைப் பரப்பி, வெறும் பசையில் ஓரளவு நூல் வரத் தொடங்கியதும் களிமண்ணுக்கு ஆயத்தமானோம். எங்கே எடுத்தது என்று தெளிவாகச் சொல்லக்கூடிய மண்ணாக இருக்க வேண்டும் என்றார் என் மேற்பார்வையாளர். பேராசிரியர், எல்லோருக்கும் அவர் சேர். ஒரு நாளில் பத்து வசனத்துக்கு மேல் பேசாதவர். என் வீடு தன்னாமுனையில், பின்வேலியைத் தாண்டினால் வாவி. ஒரு வாளியோடு போய்க் கரையில் இருந்து அள்ளிக்கொண்டு வந்தேன். எங்கள் வாவியின் மண்ணை உலகறியச் செய்ய வேண்டும் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம், அது வீட்டிலிருந்து நாற்பது அடியில் இருந்தது.

மண்ணைத் தண்ணீரில் கலக்கினால் மணல் அடியில் தங்கும். நுண்ணிய களிமண் மேல் தண்ணீரில் மிதக்கும். அந்த மேல் தண்ணீரில்தான் பசை காய்ச்ச வேண்டும். நான் கலக்கி வைத்த மண் கால் மணி நேரத்தில் தெளிந்து, மேலே இலேசான கலங்கல் மட்டும் நின்றது. "மிக நல்ல மண். விரைவாகத் தெளிகிறது" என்று கொப்பியில் எழுதி, இரண்டு தரம் அடிக்கோடும் போட்டேன். அந்தக் கோடுகளை இன்றைக்கும் அழிக்கவில்லை, அடிக்கடி பார்ப்பது எனக்கு நல்லது.

அந்தத் தண்ணீரில் காய்ச்சிய பசை ஓடிய ஓட்டத்தைச் சொல்ல முடியாது. எங்கள் சாதாரண நுணுக்குக்காட்டியில் பார்த்தால், வெறும் பசையின் நூலில் இடையிடையே மணி கோத்தது போல உருண்டைகள் இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. நூலும் பாதியாக மெலிந்திருந்தது. "மண்ணப் போட்டா நூல் தடிக்கோணும். இது ஏன் மெலியிது?" என்று றிஸ்வான் கேட்டார். நல்ல கேள்வி. நான் கரும்பலகையில் படம் கீறி, அம்புக்குறி போட்டு, இருபது நிமிடம் பதில் சொன்னேன். அதில் ஒரு வசனமும் உண்மை இல்லை என்று பிறகு தெரிந்தது. றிஸ்வான் கடைசிவரை மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு நேரம் சொல்றீங்க எண்டா அது சரியாத்தான் இரிக்கும், டீச்சர்."

கொழும்புக்குப் போன சாப்பாட்டுப் பெட்டி

இவ்வளவு மெல்லிய நூலைத் தெளிவாகப் பார்க்க இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். அது கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தது. விரிப்பை இழுத்து எவ்வளவில் கிழிகிறது என்று சொல்கிற இயந்திரமும் அங்கேதான். முறை கேட்டு மூன்று மாதம் காத்திருந்து, விரிப்புகளைச் சாப்பாட்டுப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் மணிகளோடு அடைத்து, மூடிக்கு மேல் இரண்டு சுற்று நாடா ஒட்டி, ரெயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். எதிரே இருந்த அம்மா பொலன்னறுவையில் தன் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்; நான் என் பெட்டியைத் திறக்கவில்லை. மாகோவில் எனக்கு ஒரு வாழைப்பழம் நீட்டினார். அவருக்கு என்ன விளங்கியதோ, சோற்றுக்கே நாடா ஒட்டுகிற, ஒருவரையும் நம்பாத பிறவி என்று நினைத்திருக்க வேண்டும்.

நுணுக்குக்காட்டியை இயக்கியவர் தமிழ் ஓரளவு பேசுகிற சிங்கள இளைஞர். திரையில் நூல்கள் வந்தன. வழுவழுவென்று, ஒரே சீராக, அவ்வளவு வடிவு. இழுக்கும் இயந்திரமும் வெறும் விரிப்பைவிட இது நன்றாகத் தாங்குகிறது என்றது. எனக்கு அந்த அறையிலேயே பட்டமளிப்பு நடக்கிறது போல இருந்தது. அவர் மட்டும் திரையை அங்கும் இங்கும் நகர்த்தி, "மண் எங்க, மிஸ்?" என்று கேட்டார். "நூலுக்குள்ளே ஒளிந்திருக்கும்" என்றேன். அவர் இன்னும் பெருப்பித்து, இன்னும் ஓரிடம் பார்த்து, ஒரு பெருமூச்சோடு கதிரையில் சாய்ந்தார்: "அப்ப நல்லா ஒளிஞ்சிருக்கு, மிஸ்."

பரமேஸ் நாக்கை நீட்டினாள்

அந்தப் படங்களோடு ஓர் ஆய்வு மாநாட்டுக்கு எழுதிப் போட்டோம். ஏற்றுக்கொண்டார்கள். "வாவிக் களிமண் நூலை மெலியவும் பலப்படவும் செய்கிறது" என்று என் பெயரோடு அச்சாகப் போகிறது. ஒரேயொரு ஆலோசனை சொல்லியிருந்தார்கள்: வேறொரு மண்ணோடும் ஒப்பிட்டால் நல்லது. அது இரண்டாம் வருடத்துச் சித்திரை. விடுமுறை முடிய நாலு மாதம். செங்கலடி ஊருக்கு உள்ளே ஒரு வயல்வட்டை ஓரமாகப் பரமேஸ்வரியும் புருசனும் செங்கல் சூளை வைத்திருக்கிறார்கள். பரமேஸ் எட்டாம் வகுப்பில் என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவள். நல்ல களிமண் கேட்டு அவளிடம் போனேன்.

"என்னகா, படிப்பிக்கிறத விட்டுட்டு மண் அள்ளத் தொடங்கிட்டியா?" என்று சிரித்தாள். ஒப்பிடுவதற்காகக் கொண்டுபோன என் வாவி மண் டப்பாவை நீட்டி, இதுபோல நுண்ணிய மண் வேண்டும் என்றேன். அவள் ஒரு சிட்டிகை எடுத்தாள். விரல்களுக்கிடையில் தேய்ப்பாள் என்று நினைத்தேன். நாக்கை நீட்டி அதில் வைத்தாள். உடனே துப்பினாள்.

"எங்க எடுத்த?"

"வீட்டுக்குப் பின்னால, ஆத்தங்கரையில." கடலோடு கலக்கிற வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வோம்.

"உப்புக் கரிக்குதுகா! இதில கல்லறுத்தா ஒரு மாரி தாங்காது. வெள்ளை பூக்கும், மறுகா பொரிஞ்சு கொட்டும். பார்த்துத்தானா எடுத்த நீ?"

"கொழும்பில இலத்திரன் நுணுக்குக்காட்டியில வச்சுப் பார்த்தனான்" என்றேன்.

"நக்கிப் பார்த்தியா?"

நான் டப்பாவை மூடினேன். பரமேஸ் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, என் தோளில் கை வைத்துச் சொன்னாள்: "எட்டாம் வகுப்பில விஞ்ஞானம் முழுக்க உன்னைப் பார்த்துத்தானே எழுதினன். ஏன் பெயிலானன் எண்டு இண்டைக்குத்தான் விளங்குது."

தரம் ஆறு, பரிசோதனை

இரண்டு சாக்கு நல்ல மண்ணோடு ஆய்வுகூடத்துக்கு வந்தேன். மின்கலம், இரண்டு வயர், ஒரு குட்டி எல்.ஈ.டி. பல்பு. நல்ல தண்ணீரில் வயர்களை விட்டால் பல்பு எரியாது, உப்புத் தண்ணீரில் விட்டால் எரியும். இருபது வருடமாக, வருடம் தவறாமல், தரம் ஆறுக்கு நான் செய்து காட்டுகிற பரிசோதனை. என் "மிக நல்ல" மண் தெளிந்த தண்ணீரில் வயர்களை விட்டேன். பல்பு எரிந்தது. பிள்ளைகள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள்.

அடுத்து, அந்த மண்ணை ஏழு தரம் கழுவிக் கலக்கி வைத்தேன். இரண்டு நாளாகியும் தெளியவில்லை. அப்போதுதான் முழுக்கதையும் விளங்கியது. உப்புத் தண்ணீரில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாரமாகி அடியில் இறங்கிவிடும். நான் மேலால் வடித்தெடுத்தது உப்புத் தண்ணீரை. களிமண்ணை வாளியோடு கொட்டிவிட்டேன். உப்பு இருந்தால் பசை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், நூல் இன்னும் இழுபட்டு மெலியும், உருண்டையும் வராது. சந்தேகம் தீர, வெறும் பசையில் ஒரு கிள்ளு உப்புப் போட்டு நூற்றோம். அதே அழகு, அதே மெலிவு. றிஸ்வான் அதைப் பார்த்துச் சொன்னதில் என்னோடு தன்னையும் சேர்த்துக்கொண்டது அவருடைய பெருந்தன்மை: "அப்ப ஒரு வருசமா ஆத்துத் தண்ணியத்தான் நூத்திரிக்கிறம், நாம."

சேருடைய கதவு

விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். றிஸ்வான் சொல்லமாட்டார். பரமேஸ் மாநாட்டுக்கு வரமாட்டாள். படங்கள் உண்மையான படங்கள். அளவுகள் உண்மையான அளவுகள். "களிமண்" என்ற ஒரு சொல்தான் பொய். அப்படியே விட்டால் நாலு மாதத்தில் எழுதி முடித்து, பட்டத்தோடு பாடசாலை வாசலில் போய் நிற்கலாம். சொன்னால், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், நேரம் காணாது. சேருடைய கதவு வரைக்கும் போய் மூன்று தரம் திரும்பினேன். மூன்றாம் தரம் திரும்பும்போது, கதவருகே இருந்த அறிவித்தல் பலகையை இவ்வளவு ஆர்வமாக வாசிக்கிற ஆசிரியை இவர்தான் என்று ஒரு மாணவி நினைத்திருப்பாள். நாலாம் தரம், தட்டாமலே உள்ளே போய்விட்டேன்.

பல்பையும் கொண்டுபோயிருந்தேன். எரிய வைத்துக் காட்டினேன். சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாநாட்டுக்கு இன்றைக்கே எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெறுவோம் என்றார். பிறகு, "தரம் ஆறுப் பிள்ளை ஒரு பரிசோதனையில ஒரு நேரத்தில எத்தனை விஷயத்த மாத்தலாம் எண்டு படிப்பிச்சீங்க?" என்று கேட்டார். "ஒண்டு, சேர்" என்றேன். மண்ணும் உப்பும் சேர்ந்து இரண்டு; அதை அவர் சொல்லவில்லை. அன்றைய பத்து வசனமும் அநேகமாக முடிந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னார்: "அதைச் செய்ங்க. கச்சான் காத்துத் தொடங்கப் போகுது."

கச்சானுக்கு ஒரு நேர்த்தி

வெறும் பசை, உப்பு மட்டும் போட்ட பசை, கழுவிய களிமண் மட்டும் போட்ட பசை, இரண்டும் போட்ட பசை. நாலு வகை, ஒவ்வொன்றிலும் ஆறு விரிப்பு. மாரியில் இது இரண்டு வருட வேலை. ஆனால் கச்சான் அடித்தால் கதை வேறு. தரைப் பக்கமிருந்து வருகிற அந்தக் காய்ந்த சூட்டுக் காற்றில் துவைத்த சேலை கொடியில் போட்ட கையோடு காயும், நூலும் அப்படியே. ஊர் முழுக்கக் கச்சானைத் திட்டுகிறது. கிணறு வற்றுகிறது, தோல் வெடிக்கிறது, கோழி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நான் மட்டும் ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து மகிழ்ந்தேன்.

ஆனி முழுக்க நூற்றோம். ஆடி நடுவில் பதினெட்டு விரிப்பு முடிந்தது, மிச்சம் ஆறு. அன்றைக்கென்று மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை ஒன்று வந்தால் ஒரு கிழமை போய்விடும். கொழும்பு முறை வெள்ளிக்கிழமை. நான் யன்னலருகே நின்று வாய்க்குள் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டிருந்தேன். பள்ளிவாசலில் மதிய லுகர் தொழுதுவிட்டு வந்த றிஸ்வான் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்: "டீச்சர், பள்ளியில ஊரே அழுது மழை கேட்டுட்டு வாற. நீங்க இஞ்ச நிண்டு திருப்பி அனுப்புறீங்க. அல்லாஹ் ஆரட பேச்சக் கேட்கிற?"

இரண்டாம் பயணம்

மழை வரவில்லை. (ஊரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.) அதே சாப்பாட்டுப் பெட்டி, அதே ரெயில். அதே இளைஞர் திரையைச் சரிசெய்தார். நூல்கள் முதல் வந்தவை போல அவ்வளவு வடிவாக இல்லை. சின்னச் சின்னப் புடைப்புகளோடு, அரைத்த மஞ்சள் துணியில் ஒட்டியது போல, அங்கங்கே கரடுமுரடு. இழுக்கும் இயந்திரம், களிமண்ணால் பலம் கூடியது உண்மை என்றது. நான் முதல் அறிவித்த பெருமையில் பாதிகூட இல்லை. அந்த இளைஞருக்கு என்னை நினைவிருந்ததா என்று தெரியாது. புடைப்பு ஒன்றைப் பெருப்பித்து, திரையில் விரலை வைத்து, என் பக்கம் திரும்பிச் சிரித்தபோதுதான் தெரிந்தது: "இந்த முறை மண் ஒளியல்ல, மிஸ்."

மூன்றாம் அத்தியாயம்

விடுமுறை முடிய ஆறு நாள் இருக்க ஆய்வேட்டைக் கையளித்தேன். சொன்ன நாளில் பாடசாலைக்குத் திரும்பினேன். பட்டம் வந்துவிட்டதா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வாய்மொழிப் பரீட்சை இருக்கிறது என்றேன். "மிஸ்ஸுக்கும் சோதினையா?" என்று அவர்களுக்கு ஒரே சந்தோசம். அந்த நாளும் வந்தது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் கண்டிப்பானவர். முதலாம் அத்தியாயத்தில் எட்டுக் கேள்வி, இரண்டாவதில் பன்னிரண்டு, நாலாவதில் என் கணக்கு ஒன்றைத் திருப்பிச் செய்யச் சொன்னார். என் நாக்கு உலர்ந்து மண்ணாகிவிட்டது.

மூன்றாம் அத்தியாயத்தை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். வாவி மண், அடிக்கோடு போட்ட கொப்பிப் பக்கம், அந்த வடிவான படங்கள், பரமேஸின் நாக்கு, பல்பு எல்லாம் அதில் இருந்தன. "இதை எடுத்துவிட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காதே, ஏன் வைத்தீர்கள்?" என்று கேட்டார். வாவிக்குப் பக்கத்தில் வீடு உள்ள இன்னொருவர் இந்த வேலைக்கு வரலாம், அவரிடமும் ஒரு வாளி இருக்கும் என்றேன். சேர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று இன்றைக்கும் தெரியாது. பரீட்சகர் ஆய்வேட்டை மூடி, அதன் மேல் பேனையை வைத்துச் சொன்னார்: "பட்டம் கொடுக்கச் சிபாரிசு செய்கிறேன், ஏனென்றால் இந்த ஆய்வேடு முழுவதிலும் எனக்கு ஒரு சந்தேகமும் வராத அத்தியாயம் இது ஒன்றுதான்."

பரமேஸின் நாக்கு ஒரு நொடியில் சொன்னதைப் பதினைந்தாயிரம் வோல்ற்றில் இரண்டு வருடம் சொல்லி நான் வாங்கிய பட்டம், சட்டம் போட்டு எங்கள் பின்சுவரில் மாட்டியிருக்கிறது; அந்தச் சுவருக்கு நாற்பது அடி பின்னால் அந்த மண் இன்னும் உப்பாகவே கிடக்கிறது.